அடிபட்டவரைத் தூக்கலாமா, 108 வரும்வரை காத்திருக்கலாமா?

கெடிலக்கரை:
திண்டிவனம் – விழுப்புரம் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, பஞ்சர் கடைகளில் மாட்ட ஒரு பலகை தயாராகிறது. இப்போதைக்கு எழுதியிருக்கும் வாசகம் இது: "விபத்தைக் கண்டால் 108ஐ அழையுங்கள். அடிபட்டவரைத் தொடாதீர்கள், தூக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள்." அச்சுக்குப் போவதற்குள் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'தூக்காதீர்கள்' என்ற வரியில் எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி.

அச்சாணி:
'தொடாதீர்கள்' என்பதையும் 'தூக்காதீர்கள்' என்பதையும் முதலில் எடுத்துவிடுங்கள். வளர்ந்த ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் 2 லிட்டர் போய்விட்டால் உயிர் ஊசலாடும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் தொடைக்குள்ளேயே 1 முதல் 1.5 லிட்டர் வரை தேங்கிவிடும். வயிற்றுக்குள் மண்ணீரலோ ஈரலோ கிழிந்திருந்தால் அந்த ரத்தப்போக்கை நிறுத்தும் இடம் மருத்துவமனை ஒன்றுதான். அந்த ஆளை ரோட்டோரம் படுக்கவைத்துச் சுற்றி நிற்பதால் யாருக்கு என்ன லாபம்?

தூக்கினால் முதுகெலும்பு கெட்டுவிடும் என்ற பயத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கழுத்துப்பட்டையோ ஆளை அசையாமல் கட்டிவைக்கும் பலகையோ இல்லாமல் வந்து சேர்ந்த 120 முதுகெலும்புக் காயக்காரர்களை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் எல்லா வசதியோடும் கட்டிக் கொண்டுவரப்பட்ட 334 பேரோடு ஒப்பிட்டார்கள். நரம்பு பாதித்து முடங்கியவர்கள் மலேசியாவில் 11 விழுக்காடு, அமெரிக்காவில் 21. பிலடெல்பியா நகரில் போலீஸ்காரர்களே குண்டடிபட்டவர்களைத் தங்கள் வண்டியில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆம்புலன்ஸில் போனவர்களைவிட அவர்கள் அதிகமாகச் சாகவில்லை என்று ஆய்வும் வந்திருக்கிறது.

நம் ஊரில் உதவ வருபவர் ஏற்கெனவே தயங்கித்தான் வருகிறார். பலகையிலேயே 'தொடாதே' என்று எழுதினால் அவர் கைகட்டிக்கொண்டு நின்றுவிடுவார். இது என் கவலை.

சைரன்:
அச்சாணி அண்ணே, இரண்டு ஆய்வுமே நீங்கள் சொல்லும் இடத்துக்குப் பொருந்தாது. பிலடெல்பியா கணக்கு துப்பாக்கிக் குண்டும் கத்திக்குத்தும். பைக்கில் இருந்து தூக்கி வீசப்பட்டவருக்குத் தலை, கழுத்து, இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் அடிபட்டிருக்கும், அது வேறு வகைக் காயம். மலேசியக் கணக்கில் உயிரோடு மருத்துவமனை வந்து சேர்ந்தவர்கள்தான் இருக்கிறார்கள். பலகையில் கட்டாமல் வந்ததும், உடம்பை இரண்டாக மடித்து ஆட்டோவில் திணித்து வந்ததும் ஒன்றல்ல.

சாலையில் மயங்கிக் கிடப்பவரை ரத்தப்போக்குக்கு முன்பே கொல்வது மூச்சடைப்பு. மல்லாந்து கிடந்தால் தளர்ந்த நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கும். அதோடு ரத்தமும் வாந்தியும் சேரும். மூளை ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம்தான் தாங்கும். ஆட்டோவின் பின்சீட்டில் ஓர் ஆள் நீட்டிப் படுக்க முடியாது. அதனால் என்ன செய்கிறார்கள்? காலை வெளியே விட்டு, தலையை யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு, முகவாய் நெஞ்சில் இடிக்க உட்காரவைத்துக் கொண்டுபோகிறார்கள். கரகரவென்று வரும் சத்தத்தைக் கேட்டு 'மூச்சு இருக்கு, சீக்கிரம் போ' என்கிறார்கள். அந்தக் கரகரப்புதான் அடைப்பின் அறிகுறி. தாடையின் இரு கோணத்தையும் விரலால் பிடித்து முன்னால் தள்ளியிருந்தால் அந்தச் சத்தம் நின்றிருக்கும்.

108 வண்டியில் ஆக்சிஜன், தொண்டையில் தேங்கியதை உறிஞ்சும் கருவி, கழுத்துப்பட்டை, முறிந்த எலும்புக்குக் கட்டும் சிம்பு எல்லாம் இருக்கின்றன. வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் போகிறது. பத்து நிமிடத்தில் அது வந்துவிடும் இடத்தில் ஆட்டோவில் ஏற்றுவது வேகம் அல்ல.

உண்மையில் தாமதம் எங்கே வருகிறது தெரியுமா? அழைப்பிலேயே. இருபது பேர் இருபது அடையாளம் சொல்கிறார்கள். முதலில் அழைத்தவர் பஸ் பிடித்துப் போய்விடுகிறார், ஓட்டுநர் திருப்பி அழைத்தால் எடுப்பதில்லை. நான்குவழிச் சாலையில் எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் வந்து நிற்கும், நடுத்தடுப்பைத் தாண்ட முடியாமல் அடுத்த திருப்பம் வரை போய் வர வேண்டும். ஆகவே பலகையில் இதை எழுதுங்கள்: சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், சென்னையில் இருந்து போகும் பக்கமா சென்னைக்குப் போகும் பக்கமா, எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா. ஒருவர் மட்டும் பேசட்டும், அவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. தேசிய நெடுஞ்சாலை என்பதால் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்கும் சொல்லலாம், சுங்கச்சாவடி ஆம்புலன்ஸும் கிரேனும் அந்த வழியாக வரும்.

வார்டு9:
இருவருமே எப்படித் தூக்குவது என்றுதான் பேசுகிறீர்கள், எங்கே கொண்டுபோவது என்பதை விட்டுவிட்டீர்கள். தலையில் அடிபட்டு நினைவில்லாதவரை ஆட்டோக்காரர் நல்ல மனத்தோடுதான் அருகில் உள்ள நர்சிங் ஹோமில் இறக்குகிறார். அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை, நரம்பியல் அறுவை மருத்துவர் இல்லை. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, கட்டுப்போட்டு, 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க' என்று எழுதித் தருகிறார்கள். அங்கிருந்து முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ வேறு வண்டி தேட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் இப்படித்தான் கரைகிறது. பலகையில் அந்தந்த இடத்துக்குரிய விபத்துச் சிகிச்சை மையத்தின் பெயரை எழுதாவிட்டால் மீதி எதுவும் பயன்படாது.

பணத்தைப் பற்றிய பயத்தையும் போக்குங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது, இதே சாலையில் இருக்கும் ஊர்தான். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், எந்த மாநிலத்துக்காரரானாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். உச்சவரம்பு முதலில் 1 லட்சம், பின்பு 2 லட்சமாக்கப்பட்டது. மத்திய அரசும் 2025 மே மாதம் 1.5 லட்சம் வரை, 7 நாள் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. பட்டியலில் இல்லாத இடத்துக்குப் போனால்தான் குடும்பம் நகையை அடகு வைக்க ஓடுகிறது.

இன்னொன்று, விபத்து நடந்த நேரத்தை யாராவது பார்த்து வையுங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அதிலும் முதல் மணி நேரத்தில் போடுவது மேல். 'காலையில ஆச்சு சார்' என்றால் மருத்துவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேட்டில் 'எப்படி அடிபட்டது' என்ற இடத்தில், கொண்டுவந்தவர் சொல்வதுதான் ஏறும். பார்க்காதவர் ஊகித்து, 'பைக்ல இருந்து தானா விழுந்துட்டார்' என்று சொல்லிவிடுவார். பின்னால் வந்த லாரி தட்டிவிட்டுப் போயிருக்கும். பிறகு இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக்காட்டும். பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்கவில்லை என்றால் 'சாலையில் கிடந்தார், எப்படி என்று தெரியாது' என்று சொல்லுங்கள். இடம், நேரம், தெரிந்தால் மோதிய வண்டியின் எண். அது போதும்.

மனுநீதி:
வார்டு9 சொன்னது மிகச் சரி. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு இருக்கிறது. மோதிய வண்டி தெரியவே இல்லை என்றால் அதே நாளில் இருந்து இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசு நிதியில் இருந்து உண்டு. 'தானாக விழுந்தார்' என்று பதிவானால் அதுவும் கைவிட்டுப் போகும்.

'தொட்டால் கேஸ் வரும்' என்ற பயத்துக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது உரிமையியல் வழக்கும் இல்லை, குற்றவியல் வழக்கும் இல்லை. பெயர், முகவரி, தொலைபேசி எண் தரும்படி போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது, பணம் கட்டச் சொல்லியோ வேறு காரணம் சொல்லியோ அவரை நிறுத்திவைக்கவும் முடியாது. 2016இல் உச்ச நீதிமன்றம் இந்த நெறிமுறைகளுக்குச் சட்டத்தின் வலுவைத் தந்தது. மருத்துவமனை மறுக்க முடியாது என்பது அதற்கும் முந்தையது: 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, போலீஸ் நடைமுறைக்காகக் காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அடிபட்டவரைக் காப்பாற்றுபவருக்குத் தரும் நற்கருணை வீரன் பரிசு 5,000 ரூபாயில் தொடங்கி 25,000 ஆக உயர்ந்திருக்கிறது. அது வேண்டுமென்றால் போலீஸிடம் பெயரைத் தர வேண்டும், அது அவரவர் விருப்பம். பலகையில் பரிசைப் பெரிதாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து. பரிசுக்காகப் போட்டி போட்டுத் தூக்கினால் ஆபத்து கூடும்.

அச்சாணி:
பரிசைப் பற்றிச் சொன்னது சரி. நர்சிங் ஹோம் விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன், அந்தத் தவறு தினமும் நடக்கிறது. ஆனால் சைரன் சார், 'பத்து நிமிடத்தில் வந்துவிடும் இடத்தில்' என்கிறீர்களே, வராத இடத்துக்கு என்ன பதில்? நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே போகும் கிராமச் சாலையில் அரை மணி ஆகலாம். ஒரே பஸ்ஸில் பதினைந்து பேர் அடிபட்டால் ஒரு வண்டி வந்து என்ன செய்யும்?

ஆட்டோ வேண்டாம், குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி இருக்கிறது. பின்தட்டு ஏழு அடி நீளம், ஆள் நேராகப் படுக்கலாம். ஐந்து பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையைக் காதோடு சேர்த்துப் பிடித்து உடம்போடு ஒரே கோட்டில் வைத்திருக்க வேண்டும், எண்ணிக்கை சொல்பவரும் அவரே. பக்கத்துக்கு இருவராக நால்வர் தோள், இடுப்பு, தொடை, கெண்டைக்காலுக்கு அடியில் கைவிட்டு, 'மூன்று' என்றதும் ஒன்றாகத் தூக்க வேண்டும். கதவுப்பலகையோ விளம்பரத் தட்டியோ கிடைத்தால் இன்னும் நல்லது. இருவர் கையையும் இருவர் காலையும் பிடித்து ஊஞ்சலாகத் தூக்குவதைத்தான் தடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் 'தூக்காதே' என்று மட்டும் எழுதினால், எப்படியும் தூக்கத்தான் போகிறார்கள், தப்பாகத் தூக்குவார்கள்.

சைரன்:
ஐந்து பேர் தூக்கும் முறை சரியானது. ஆனால் அதைப் பலகையில் படித்துச் செய்ய முடியாது, ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய்ச் செய்துகாட்ட வேண்டும். நெரிசலாகக் கூடி நிற்பவர்களில் தலையைப் பிடிக்கப் போகிறவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் பத்து நிமிடமும் சும்மா நிற்கும் நேரமல்ல, அதையும் எழுதுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தில் மடித்த துண்டை வைத்து உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்த வேண்டும், நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்தால் மேலேயே இன்னொன்று. சோடா தெளிப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் நிற்க வேண்டும், மயங்கியவருக்கு அது நேரே நுரையீரலுக்குப் போகும். ஹெல்மெட்டைப் பிடுங்கக் கூடாது. மூச்சு சீராக இருந்தால் கண்ணாடியைத் தூக்கி, நாடாவை அவிழ்த்துவிட்டாலே போதும். மூச்சு இல்லை, வாந்தி வருகிறது என்றால் மட்டும் இருவர் சேர்ந்து கழற்ற வேண்டும்: ஒருவர் தாடையையும் பின்கழுத்தையும் தாங்கிப் பிடிக்க, மற்றவர் ஹெல்மெட்டின் இரு ஓரத்தையும் விரித்து மெதுவாக இழுக்க வேண்டும்.

அச்சாணி:
அழுத்தியும் நிற்காமல் கையோ காலோ சிதைந்திருந்தால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டச் சொல்வீர்களா? சணல் கயிறு, ஒயர் என்று கையில் கிடைத்ததைக் கட்டுகிறார்கள்.

வார்டு9:
கயிறும் ஒயரும் கூடாது, சதையை அறுத்து நரம்பைக் கெடுக்கும். அரைகுறையாகக் கட்டினால் இன்னும் மோசம்: உள்ளே வரும் ரத்தம் வந்துகொண்டே இருக்கும், திரும்பும் ரத்தம் மட்டும் அடைபடும், காயத்தில் ஒழுக்கு கூடும். நாலு விரல் இல்லாவிட்டாலும் மூன்று விரல் அகலத்துக்குத் துண்டை மடித்து, காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, முடிச்சில் ஒரு குச்சியோ ஸ்பானரோ செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். வலியில் கத்துவார், தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். கைகாலுக்கு மட்டும்தான் இது.

கெடிலக்கரை:
'தொடாதீர்கள்' போகிறது. முதல் வரி, அழைப்பவர் சொல்ல வேண்டிய நான்கு விவரம். அதற்கு மேலே ஒவ்வொரு பலகையிலும் அந்த இடத்தின் கிலோமீட்டர் எண்ணையும் கொண்டுபோக வேண்டிய மருத்துவமனையையும் பெயின்டில் எழுதிவிடுகிறோம். அடுத்தது அழுத்திப் பிடித்தல், தாடையை முன்தள்ளுதல், தண்ணீர் தராமை. தூக்குவதைப் பற்றி: "108 இருபது நிமிடத்துக்குள் வராது என்று அவர்களே சொன்னால், ஐந்து பேர், நேராகப் படுக்கவைக்கும் வண்டி." ஒயர், கயிறு பற்றியது பயிற்சியில் மட்டும், பலகையில் இல்லை.

சைரன்:
இருபது நிமிடம் என்று எண் போடுவதை ஏற்க மாட்டேன். எண் இருந்தால் மூன்றாம் நிமிடத்திலேயே 'இருபது ஆச்சு' என்று கூட்டம் சொல்லும். '108இல் பேசுபவர் சொன்னால்' என்று மட்டும் எழுதுங்கள்.

அச்சாணி:
அவர் எப்போதும் 'வந்துகொண்டிருக்கிறது' என்றுதான் சொல்வார். எண் இருக்கட்டும். பயிற்சிக்கு ஆட்டோக்காரர்கள் வரும் நாளில் குட்டியானை ஓட்டுபவர்களையும் கூப்பிடுங்கள், விக்கிரவாண்டி சந்தைப் பக்கம் நிற்பவர்களிடம் நான் பேசுகிறேன்.