சின்னக் கப்பல் குசினிக்கு மின் அடுப்பு: 750 மி.மீ. அகலத்துக்குள் எதை வைக்கலாம், எதை விடலாம்?

கோப்பாய்_தகடு கேட்டது:

வணக்கம். காங்கேசன்துறைக்கு வந்துபோகிற சிறிய சரக்குக் கப்பல் ஒன்றின் குசினிக்கு மின் அடுப்பு செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கினம். எங்கட பட்டறை கல்யாண மண்டபங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் வேலை செய்யிறது. தகடு வளைக்கிறது, வெல்டிங், அவண் கட்டுறது பிரச்சினை இல்லை. கப்பல் கரண்ட்தான் புதுசு.

குசினி 2.1 மீற்றர் நீளம், 1.8 மீற்றர் அகலம். அடுப்புக்கு விட்ட இடம் 750 மி.மீ. அகலம், 800 மி.மீ. ஆழம். அடுப்புக்கு முன்னால ஆள் நிக்க 700 மி.மீ.தான் மிச்சம். பத்துப் பேருக்கு மூன்று நேரச் சாப்பாடு. கப்பலில் 440 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். குசினிக்கு ட்ரான்ஸ்போமர் வழியாக 220 வோல்ற் மூன்று பேஸ் வருது. மூன்று வயர்தான், நியூட்ரல் இல்லை. அடுப்புக்கென்று 32 அம்பியர் பிரேக்கர் ஒன்று ஏற்கெனவே இருக்கு.

என்ர திட்டம்: 300×300 வார்ப்பிரும்பு பிளேற் நாலு, ஒவ்வொன்றும் 2.5 கிலோவாற், 230 வோல்ற். கீழே 4 கிலோவாற் அவண், மேல் எலிமென்ற் 1.5, கீழ் 2.5. இது சரிவருமா? வீட்டு அடுப்புக்குப் போடுற திருகு சுவிச் போதுமா? அவண் கதவை எந்தப் பக்கம் திறக்க வைக்கலாம்? பேசாமல் இன்டக்ஷன் போட்டால் என்ன?

---

இஞ்சின்றூம்_கரண்ட் எழுதியது:

முதலில் கணக்கு. உங்கட 230 வோல்ற் பிளேற்றை 220இல் போட்டால் 2.5 கிலோவாற் 2.3 ஆகக் குறையும். வலு வோல்ற்றின் வர்க்கப்படி போகும். ஒரு பிளேற் 10.4 அம்பியர் எடுக்கும். நியூட்ரல் இல்லாதபடியால் எல்லாவற்றையும் இரண்டு பேஸுக்கு நடுவில்தான் கட்ட வேண்டும், அதாவது டெல்ற்றா. நாலு பிளேற்றையும் அவணையும் மூன்று பேஸ் சோடிகளுக்கும் எவ்வளவு சமமாகப் பிரித்தாலும் அவற்றில் இரண்டு சோடிகளில் பெயரளவு 5 கிலோவாற் வீதம் விழும். அந்தச் சோடிகளுக்குப் பொதுவான வயரில் 36 அம்பியர் ஓடும். 32 அம்பியர் பிரேக்கர் மத்தியானச் சமையல் நேரம் பார்த்து விழக்கூடும்.

பிரேக்கரைப் பெரிதாக்க வேண்டாம். அதோடு கேபிளையும் மாற்ற வேணும், ட்ரான்ஸ்போமரில் இடமிருக்கோ என்றும் பார்க்க வேணும். பத்துப் பேருக்கு நாலு பெரிய பிளேற் தேவையில்லை. இப்படிப் போடுங்கோ:

முதல் சோடி: 2.5 பெரிய பிளேற் ஒன்று, அதோடு 1.5 கிலோவாற் 180 மி.மீ. வட்டப் பிளேற் ஒன்று.
இரண்டாம் சோடி: 2.5 பெரிய பிளேற் மற்றது.
மூன்றாம் சோடி: அவண் 3 கிலோவாற், கீழ் 1.8, மேல் 1.2.

எல்லாம் ஒரேயடியாக எரிந்தாலும் கூடிய சுமையுள்ள வயரில் 25 அம்பியர்தான். 6 சதுர மி.மீ. கேபிள் தாராளமாகக் காணும்.

சோற்றை இந்த அடுப்பில் வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கோ. 10 லீற்றர் தண்ணியை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்க 0.81 கிலோவாற் மணி வேணும். வார்ப்பிரும்பு பிளேற்றிலிருந்து பானைக்கு 60 வீதம் போகுதென்று வைத்தாலும் 35 நிமிசம் தாண்டும். சோற்றுக்குத் தனி றைஸ் குக்கர், தேத்தண்ணிக்குத் தனி கொதிகலன், இரண்டும் வேறு பிரேக்கரில். அப்பதான் மூன்று பிளேற் போதும்.

இனிச் சுவிச். கரையில் நியூட்ரல் நிலத்தோடு கட்டப்பட்டிருக்கு; ஒரு வயரை வெட்டினால் மற்றதில் பெரிய ஆபத்து இல்லை. கப்பலில் இரண்டு வயரும் உயிருள்ள பேஸ். வீட்டு அடுப்புத் திருகு சுவிச்சுகளில் ஒரு முனையை மட்டும் வெட்டுகிற வகையும் இருக்கு. அதைப் போட்டால் குமிழ் பூச்சியத்தில் நிக்கும், பிளேற்றுக்குள் இருக்கிற சுருள் மற்றப் பேஸில் தொங்கிக்கொண்டு நிக்கும். பிளேற்றைக் கழற்றப் போகிறவர் அதன் முனையைத் தொடுவார். 0 முதல் 6 வரை உள்ள ஏழு நிலைச் சுவிச் வாங்குங்கோ. பிளேற்றுக்குள் இருக்கிற மூன்று கம்பிச்சுருளைத் தொடராகவும் பக்கமாகவும் மாற்றிக் கட்டித்தான் அது சூட்டைக் கூட்டிக் குறைக்கும். அடிக்கடி திறந்து மூடுகிற தொடுமுனை இல்லாதபடியால் அதிர்விலும் தாக்குப்பிடிக்கும். வாங்கின பிறகு 0இல் வைத்து எல்லா முனையும் உண்மையாக வெட்டுப்படுதோ என்று மீற்றரால் பாருங்கோ. அவண் தெர்மோஸ்ரற்றும் ஒரு முனைதான் வெட்டும். அதை எலிமென்ற்றுக்கு நேரே கட்டாமல் இரு முனைக் கொன்ராக்ரர் (சுருளில் கரண்ட் வந்தால் இழுபட்டு மூடுகிற சுவிச்) ஒன்றை இழுக்க விடுங்கோ. கொன்ராக்ரர் சுருளில் 50/60 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்க வேணும். கையால் மீளவைக்கிற மிகைச்சூடு வெட்டி ஒன்றும் அவணுக்குக் கட்டாயம்.

இன்னொன்று, இதுதான் கனபேர் விடுகிறது. எந்தப் பேஸையும் கப்பல் உடம்போடு கட்டாத இந்த முறையில் ஒரு எலிமென்ற் உடம்போடு கசிந்தால் பிரேக்கர் விழாது. சுவிச் பலகையில் எர்த் விளக்கு மங்கும், அல்லது மின்காப்பு அலாம் அடிக்கும், அவ்வளவுதான். வேறொரு பேஸில் இரண்டாவது கசிவு வந்தால் கப்பல் உடம்பு வழியாக ஷோர்ட். 220 வோல்ற் சுவிச் பலகையில் மின்காப்புக் குறைந்தால் முதலில் சந்தேகப்படுகிற இடம் குசினி. ஆகவே ஒவ்வொரு பிளேற்றுக்கும் அவணுக்கும் தனித்தனி இரு முனைச் சிறு பிரேக்கரை அடுப்பின் பெட்டிக்குள்ளேயே வையுங்கோ. பெரிய பிளேற்றுக்கும் அவணுக்கும் 16 அம்பியர், சின்னதுக்கு 10. கசிகிற பிளேற்றை மட்டும் கழற்றிவிட்டு மற்றதில் சமைக்கலாம். இல்லாட்டி ஒரு பிளேற்றுக்காகப் பத்துப் பேர் பாண் தின்ன வேண்டியதுதான்.

---

அகப்பை_ஆழ்கடல் எழுதியது:

கரண்டைப் பற்றி அவர் சொல்லிப்போட்டார். நான் சட்டியைப் பற்றிச் சொல்லுறன்.

தம்பி, சட்டி கவிழும் எண்டு பயப்பிடாதேங்கோ, சறுக்கும் எண்டு பயப்பிடுங்கோ. 300 மி.மீ. அகலச் சட்டி கவிழ 50 பாகைக்கு மேல சரிய வேணும். எண்ணெய் பட்ட பிளேற்றில 11 பாகையிலயே அது ஓடத் தொடங்கும். அதால அடுப்பைச் சுத்தி வேலி வேணும், பிளேற் மட்டத்திலயிருந்து 60 மி.மீ. உயரத்தில. வேலிக்கு நடுவில குறுக்கும் நெடுக்குமா 12 மி.மீ. கம்பி, 50 மி.மீ.க்கு ஒரு துளை வீதம் இடம் மாத்தக்கூடிய மாதிரி. கம்பி நுனியை வெறுமனே துளைக்குள்ள விட்டால் சட்டி இடிக்கேக்க மேல எழும்பும். கால் சுத்து திருப்பினால் பூட்டுப்படுற மாதிரிச் செய்யுங்கோ. சூட்டுக் கையுறையோட திருப்பக்கூடிய பிடியா இருக்க வேணும், சின்ன ஸ்குறூ வேண்டாம்.

சட்டியை எவ்வளவு நிரப்பலாம் எண்டும் கணக்கு இருக்கு. 22.5 பாகை உருளேக்க 300 மி.மீ. சட்டியில ஒரு பக்கம் குழம்பு 62 மி.மீ. ஏறும். அது ஆடாமல் சரிஞ்சு நிக்கிற கணக்கு. தளம்பல் அதுக்கு மேல. 200 மி.மீ. உயரச் சட்டியில 120க்கு மேல ஊத்தக்கூடாது. எண்டபடியால் சட்டி அகலத்தைக் கூட்டிக்கொண்டு போறதில பிரயோசனம் இல்லை, உயரமும் வேணும்.

எங்கட தாச்சி இதில நிக்காது. அடி உருண்டை, பிளேற்றில ஒரு புள்ளிதான் தொடும். அடி தட்டையான, தடிச்ச சட்டி வாங்கச் சொல்லுங்கோ, அடி அகலம் பிளேற்றுக்குச் சரியா. புட்டுப் பானையும் குழலும் உயரம் கூடினது, கடலில ஆகாது. அகலமான இடியப்பத் தட்டுப் பாத்திரத்திலயே புட்டையும் அவிக்கலாம். கஞ்சி வடிக்கிறதும் கரையிலதான். வடை பொரிக்கிற ஆசை இருந்தால் துறைமுகத்தில கட்டிப்போட்டு நிக்கேக்க, அதுவும் கொஞ்ச எண்ணெயில.

அடுப்பை எந்தப் பக்கம் பாத்து வைக்கினம் எண்டு கேளுங்கோ. கப்பல் பக்கவாட்டில உருளுறதுதான் கூட. முன்பின் ஆட்டம் குறைவு. சமைக்கிற ஆள் முன்னணியத்தையோ பின்னணியத்தையோ பாத்து நிக்கிற மாதிரி வைச்சால் கொதிக்கிறது பக்கத்துக்குப் போகும், வயித்தில வராது. அவண் தட்டும் வெளிய ஓடி வராது. குமிழுகளை முன்னுக்குத்தான் வைக்க வேணும், பின்சுவரில வேண்டவே வேண்டாம். கொதிக்கிற சட்டிக்கு மேலால கை நீட்டுறது கரையிலயே பிழை. குமிழுக்கு முன்னால ஒரு பிடிகம்பி, 32 மி.மீ. குழாய். ஆளுக்குப் பிடிக்கவும் ஆச்சு, இடுப்பு பட்டுக் குமிழ் திரும்பாமலும் ஆச்சு.

---

கோப்பாய்_தகடு:

அண்ணையாக்கள் இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று பிளேற்றுக்கு இறங்கியாச்சு. இரண்டு பெரிசும் முன்னுக்கா, சின்னது முன்னுக்கா? அவண் கதவுக்கு இன்னும் விடை வரேல்லை. பக்கவாட்டில திறந்தால் 700 மி.மீ. இடத்தில வசதி எண்டு நினைக்கிறன்.

---

துருப்பிடிக்காதவன் எழுதியது:

பக்கவாட்டுக் கதவு வேண்டாம். திறந்து வைத்த கதவு கப்பல் உருளும்போது வீசும், ஆளின் முழங்காலையோ தட்டையோ அடிக்கும். கீழ்நோக்கித் திறக்கிற கதவுதான், ஆனால் உயரத்தைக் குறையுங்கள். 530×325 ஹோட்டல் தட்டை நீளப் பக்கம் முன்னுக்கு வருகிற மாதிரி உள்ளே விடுங்கள். அவண் உள்ளகலம் 560, ஆழம் 360, உயரம் 300. கதவு 340 மி.மீ.க்கு மேல் வராது. திறந்தாலும் முன்னால் 360 மி.மீ. மிஞ்சும், பக்கத்தில் நின்று தட்டை எடுக்கலாம். அகலத்தில் மிஞ்சுகிற 190இல் இரண்டு பக்கமும் 50 மி.மீ. பாறைக்கம்பளி போகும், அதுதான் றொக்வூல். வலது பக்கம் மிஞ்சுகிறது மின்பெட்டிக்கு. கதவுப் பூட்டு இரண்டு அசைவில் திறக்கிற வகை: தூக்கிப் பிறகு இழுக்க வேண்டும். தட்டு ஓடும் தண்டவாளத்தின் முன்முனையில் 15 மி.மீ. மடிப்பு.

பெரிய பிளேற் இரண்டும் முன்னுக்கு, பக்கத்துக்குப் பக்கம். பாரமான சட்டியைப் பின்னுக்குத் தூக்கி வைக்க விடக்கூடாது. சின்னது பின்னுக்கு நடுவில். அதன் இரண்டு பக்கமும் மிஞ்சும் இடம் இறக்கிய சட்டி வைக்க, அங்கேயும் வேலிக் கம்பி வேண்டும்.

மேல்தகடு 3 மி.மீ. 304 ரக ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். விளிம்பை 12 மி.மீ. உயர்த்துங்கள். இந்த அடுப்பைக் கொல்லப்போவது பொங்கி வழிகிற தண்ணிதான். பிளேற் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவால் இறங்குகிற தண்ணி நேரே வயர் முனையில் விழும். பிளேற் துளையின் ஓரத்தை 8 மி.மீ. மேல்நோக்கி மடித்து, பிளேற்றின் வளையம் அதன் மேல் தொப்பி மாதிரி உட்காரட்டும். அதற்குக் கீழே முன்பக்கமாக இழுத்தெடுக்கிற வழிசல் தட்டு. வயர் முனைகள் பீங்கான் கட்டையில், அந்தத் தட்டுக்கு வெளியே. பிளேற்றிலிருந்து கட்டை வரை கண்ணாடி இழை உறையுள்ள வயர், அதற்குப் பிறகு சிலிக்கோன் வயர். பீ.வீ.சீ வயர் உடம்புக்குள் எங்கேயும் வரக்கூடாது.

எல்லாம் முன்னாலும் மேலாலும் கழற வேண்டும். இடுக்கு அறையில் பின்பக்கம் போக ஆளுக்கு வழி கிடையாது; அடுப்பு தளத்தோடு நாலு எம் 12 போல்ட்டில் பூட்டி நிக்கும். பிளேற்றைத் தூக்கினால் அதன் வயர் 300 மி.மீ.யாவது கூட வர வேண்டும். அடிப்பீடமும் கால்களும் உப்பைக் கூடத் தாங்குகிற 316 ரகம். தளத்தைக் கழுவுகிற உப்புத் தண்ணி 304இல் பட்டுக் காய்ந்தால் மண்ணிறக் கறை வரும், வெல்டிங் ஓரத்தில் அரிக்கும். மின்பெட்டி ஐ.பி. 44க்குக் (தண்ணி உள்ளே போகாத தரம்) குறையக்கூடாது. குசினியை ஹோசால் கழுவுவார்கள் என்றால் அதையும் கூட்டிப் போடுங்கள்.

தகடு வெட்ட முதல் வரைபடத்தைக் கப்பல்காரர் மூலம் கிளாஸ் சேவேயரிடம், அதாவது கப்பல் தரச் சான்று நிறுவனத்தின் பரிசோதகரிடம் காட்டுங்கள். கப்பல் சமையல் கருவிகளுக்கு ஐ.ஈ.சி 60092-307 என்று தனி நியமம் இருக்கு. அவர் அதை வைத்துத்தான் பார்ப்பார். ஆழ எண்ணெயில் பொரிக்கிற கருவி சேர்க்கச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்குச் சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி தீயணைப்பு அமைப்பு, இரண்டாவது தெர்மோஸ்ரற், அலாம், தானாகக் கரண்ட் வெட்டுதல் எல்லாம் வேண்டும். உங்கட 750க்குள் அடங்காது.

இன்டக்ஷன் என்னைக் கேட்டால் நல்லது. அறை சூடேறாது, சட்டி சறுக்கி விலகினால் தானாக நிக்கும்.

---

இஞ்சின்றூம்_கரண்ட்:

கடைசி வசனத்தோடு மட்டும் உடன்பாடில்லை. இன்டக்ஷன் அடியில் காற்றாடி இருக்கு. அது உறிஞ்சுகிறது எண்ணெய் ஆவியும் உப்புக் காற்றும். அந்தப் படை உள்ளே இருக்கிற இலத்திரனியல் பலகையில் படிந்தால் பலகை போகும், நடுக்கடலில் மாற்றுப் பலகை கிடையாது. வெறும் அலுமினியச் சட்டி வேலை செய்யாது. கண்ணாடியில் பாரமான சட்டி விழுந்து வெடித்தால் அந்தப் பிளேற் முழுதும் கழிவு. வார்ப்பிரும்பு பிளேற்றை மீற்றரும் ஸ்பனரும் இருந்தால் யாரும் மாற்றலாம். ஒரு பிளேற்றையும் ஒரு ஏழு நிலைச் சுவிச்சையும் உதிரியாகக் கொடுத்துவிடுங்கோ.

அனுப்ப முதல் பட்டறையில் செய்ய வேண்டியது: ஒவ்வொரு எலிமென்ற்றையும் தனியாக 500 வோல்ற் மெகரால் (மின்காப்பு அளக்கிற மீற்றர்) உடம்போடு அளவுங்கோ. 1 மெகா ஓமுக்குக் கீழ் வந்தால் எலிமென்ற் பழுது என்று உடனே எறியவேண்டாம். உள்ளே இருக்கிற மக்னீசியம் ஒக்சைட் தூள் ஈரம் உறிஞ்சும், மாரி காலத்தில் கடையிலேயே உறிஞ்சியிருக்கும். சுவிச்சை 1இல் வைத்து அரை மணித்தியாலம் சட்டியில்லாமல் விட்டு, ஆறினபின் திரும்ப அளவுங்கோ. ஏறாவிட்டால்தான் மாற்ற வேணும். இதையே சமையல்காரருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கோ: கன நாள் எரிக்காத பிளேற்றை எடுத்தவுடன் 6இல் போடவேண்டாம்.

பட்டறையில் 230 வோல்ற் நேரே கொடுத்துப் பார்க்கும்போது சூடு கப்பலில் வருவதைவிட ஏறக்குறைய 9 வீதம் கூட இருக்கும். அவண் தெர்மோஸ்ரற்றை அதை வைத்துச் சரிபார்க்கலாம், கொதிக்கிற நேரத்தை அதை வைத்துக் கப்பல்காரருக்குச் சொல்லக்கூடாது.

---

அகப்பை_ஆழ்கடல்:

சரிச்சும் பாருங்கோ. 750 மி.மீ. அகலத்தில ஒரு பக்கத்தை 290 மி.மீ. உயர்த்தினால் 22.5 பாகை வரும். மூண்டு சட்டியிலயும் சொன்ன அளவுக்குப் பச்சைத்தண்ணி விட்டு, கம்பியைப் பூட்டி, அவணுக்குள்ள பாரம் வைச்ச தட்டோட. பேந்து மற்றப் பக்கம். கதவு தானாத் திறந்தால், கம்பி கழண்டால், தண்ணி பிளேற்றுக்குக் கீழ போனால் அங்கயே தெரியும். வழிசல் தட்டை இழுத்துப் பாக்க மறக்காதேங்கோ, நிறைஞ்சிருந்தால் சரிவில சிக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கோ.