நான்கு எழுத்துகளைத் தேடிய ஐந்து நாட்கள்

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, வெள்ளிக்கிழமை நண்பகல், அலுவலக வரவேற்பறைத் தொலைக்காட்சியின் முன் நின்றிருந்த ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டிருக்கிறது என்ற செய்தி ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்திருந்தது. அங்கே அடிக்கடி நிலம் ஆடும் என்பதும், அதற்கேற்பவே கட்டடங்களை எழுப்பியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்த சங்கதி என்பதால், முதலில் யாரும் பதறவில்லை. டோக்கியோவின் உயர்ந்த கட்டடங்கள் மூங்கில்போல் அசைந்து மீண்டும் நிமிர்ந்ததைக் காட்டினார்கள். அவை விழவில்லை என்பதே ஆறுதலாக இருந்தது. அதன் பிறகுதான் என்.எச்.கே. தொலைக்காட்சியின் ஹெலிகாப்டரிலிருந்து அந்த நேரடிக் காட்சி வந்தது.

செண்டாய் நகருக்குத் தெற்கே, நாதோரி ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய வயல்வெளி அது. அளவெடுத்து வரைந்ததுபோன்ற வரப்புகள், வரிசை வரிசையாகக் காய்கறிக் குடில்கள், இடையிடையே நேர்கோட்டில் சாலைகள். அவற்றின் மேல் கடல் ஏறிவந்துகொண்டிருந்தது. அதன் நிறம் கறுப்பாக இருந்தது; முகப்பில் மரமும், கூரை ஓடும், வண்டிகளும், படகுகளும் ஒரே குப்பை மதிலாகத் திரண்டு உருண்டன. ஒரு வீடு எரிந்தபடியே மிதந்து வந்தது. வானத்தின் உயரத்திலிருந்து பார்க்கையில் எல்லாமே நிதானமாக நடப்பதுபோலத் தோன்றியது. காகிதத்தில் சிந்திய மை பரவுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சாலையில் நான்கைந்து கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒரு வெள்ளைக் கார் நின்றது, சற்றுப் பின்னால் வந்தது, திரும்ப முயன்றது. அதற்கு முன்னாலும் பக்கத்திலும் இருந்த வயல்களில் நீர் எங்கே வந்துவிட்டது என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதன் உள்ளே இருந்தவருக்குத் தெரிய வழியில்லை. என் பின்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர், "திரும்புப்பா, சீக்கிரம் திரும்பு" என்று வாய்விட்டுச் சொன்னார். அதற்குள் காட்சி வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. அந்தக் கார் என்ன ஆயிற்று என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இத்தனை ஆண்டுகள் இதை எழுதக் கை வராமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

அன்றைய நிகழ்வுகளின் நேரக் கணக்கைப் பிறகு நான் பலமுறை படித்திருக்கிறேன். அங்கே பிற்பகல் 2.46 மணிக்கு, நம் கடிகாரத்தில் முற்பகல் 11.16க்கு, ஓஷிகா தீபகற்பத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கடியில் 9.0 அளவிலான நிலநடுக்கம் தொடங்கியது. பசிபிக் கடலடியின் பாறைத் தட்டு ஆண்டுக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஜப்பானின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குச் சில நிமிடங்களில் அவிழ்ந்தது. ஓஷிகா தீபகற்பமே 5 மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கடல்தரை உயர்ந்தபோது அதன் மேலிருந்த நீர் முழுவதும் உயர்ந்தது. அப்படி எழுந்த நீர் ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடி, கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடும்.

நடுக்கம் தொடங்கி மூன்றே நிமிடங்களில், 2.49க்கு, ஜப்பான் வானிலை முகமை சுனாமி எச்சரிக்கை விடுத்துவிட்டது. ஆனால் முதல் கணிப்பில் நிலநடுக்கத்தின் அளவு உண்மையைவிட மிகக் குறைவாக, 7.9 என்றே கிடைத்திருந்தது. அதனால் செண்டாய் அமைந்துள்ள மியாகி மாவட்டத்துக்கு 6 மீட்டர் அலை வரும் என்று அறிவித்தார்கள். 3.14க்கு அதை 10 மீட்டருக்கு மேல் என்று திருத்தினார்கள். அந்நேரம் கரையோர ஊர்களில் மின்சாரம் போய்விட்டிருந்தது. முதல் அறிவிப்பை மட்டும் கேட்டு, இரண்டாவதைக் கேட்காமலே இருந்தவர்கள் ஏராளம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பால், மின்விசிறியின் கீழ் நின்றிருந்த எங்களுக்கோ திரையின் ஓரத்தில் அந்தத் திருத்தப்பட்ட எண்ணும், வரைபடத்தில் மின்னிக்கொண்டிருந்த கரையும் தெளிவாகத் தெரிந்தன. தொலைவில் இருப்பவனுக்கு அதிகம் தெரிகிறது, ஆனால் தெரிந்ததை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அன்று எனக்குத் தாளாமல் போனது அதுதான்.

செண்டாயில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். எங்கள் தொழிற்சாலைக்கு இயந்திரங்களை நிறுவ வந்து, ஆறு மாதம் எங்களோடு இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும், என் பெயரோடு மரியாதைக்குரிய 'சான்' சேர்த்தே அழைப்பார். தம் பெற்றோர் யுரியாகே என்ற மீனவ ஊரில் இருப்பதாகவும், அங்கே கிடைக்கும் சிவப்புச் சிப்பி ஜப்பான் முழுவதும் பெயர் பெற்றது என்றும் பெருமையோடு சொல்லியிருந்தார். செண்டாய் என்ற பெயரைக் கேட்டதுமே அவர் நினைவு வந்தது. யுரியாகே எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதோ மாலையில்தான். வரைபடத்தைத் திறந்தேன். நாதோரி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அந்த ஊரின் பெயர் இருந்தது. நண்பகலில் நான் பார்த்தது அந்த ஊரின் சுற்றுப்புறத்தையே.

அன்றிரவு அவருடைய கைப்பேசிக்கு எத்தனை முறை அழைத்தேன் என்று எண்ணவில்லை. இணைப்பு போகவேயில்லை. செண்டாயின் வாகபயாஷி பகுதியில், அராஹாமா கரையில், இருநூறு முந்நூறு உடல்கள் கிடப்பதாகக் காவல்துறை கூறுகிறது என்ற வாக்கியம் திரையில் ஓடியது. அராஹாமா, ஆற்றின் மறுகரையிலிருந்து வடக்கே சிறிது தூரம். கெசென்னுமா துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் உடைந்து, நீரின் மேலேயே தீ பரவி, இருளில் ஊர் எரிந்துகொண்டிருப்பதைக் காட்டினார்கள். அன்று பிற்பகல் அங்கே பனி பெய்திருந்தது. நனைந்த உடையோடு கூரையில் ஏறி நிற்பவர்களுக்கு அந்த இரவு எப்படிக் கழியும் என்ற நினைப்பில் எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அங்கே பிற்பகல் 3.36க்கு ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் முதல் உலைக் கட்டடம் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதறியது. அந்த நொடியிலிருந்து எல்லாத் தொலைக்காட்சிகளும் அதன் பக்கம் திரும்பிவிட்டன. அது சிறிய செய்தி இல்லை. அலை அவசரகால மின்னாக்கிகளை மூழ்கடித்ததும், உலைகளைக் குளிர்விக்க வழியில்லாமல் போனதும், 20 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப நேர்ந்ததும் உலகம் அறிய வேண்டியவையே. ஆனால், காத்திருந்த எனக்கு, வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரையில் இன்னும் தேடப்படாமல் கிடந்த ஊர்கள் ஒரே இரவில் திரையை விட்டு மறைந்துபோனது பெருங்கொடுமையாக இருந்தது. யுரியாகே என்ற சொல்லை நான் அதன் பிறகு எந்தச் செய்தியிலும் கேட்கவில்லை.

இணையத்தில்தான் வழி கிடைத்தது. நிலநடுக்கம் நடந்த அன்றே கூகுள் நிறுவனம் ஆட்களைத் தேடுவதற்கென்று ஒரு பக்கத்தைத் திறந்திருந்தது. அதற்குத் துணையாக, முகாம்களில் தங்கியிருந்தவர்களின் பெயர்ப் பட்டியல்களைக் கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். முன்பின் அறியாத பல தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் கையால் எழுதிப் பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டிய தாள்கள். சில படங்களில் தாளின் ஓரத்தைப் பிடித்திருக்கும் விரல் தெரியும். சிலவற்றில் ஒரு பெயரின் கீழே மட்டும் யாரோ சிவப்பு மையில் கோடிட்டிருப்பார்கள்.

எனக்கு ஜப்பானிய மொழி படிக்கத் தெரியாது. நண்பர் முதல் நாளில் இரு கைகளாலும் நீட்டித் தந்த விசிட்டிங் கார்டு என்னிடம் பத்திரமாக இருந்தது. அதில் அவர் பெயர் நான்கு எழுத்துகள். முதல் எழுத்தின் இடப்பக்கம், ஆள் ஒருவர் சற்றுச் சாய்ந்து நிற்பதுபோல் இரண்டு கோடுகள். மூன்றாவது எழுத்தில் ஏணிப்படிபோல் மூன்று குறுக்குக் கோடுகள். அந்த அட்டையைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டவைத்துவிட்டு, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டே போனேன். அச்செழுத்தில் ஒரு மாதிரியும், அவசரத்தில் ஒருவர் கையால் எழுதுகையில் வேறு மாதிரியும் இருக்கும் என்பதே இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. முதல் இரண்டு எழுத்துகள், அதாவது குடும்பப் பெயர், பக்கத்துக்குப் பத்துப் பேருக்கு இருந்தன. ஒவ்வொரு முறையும் நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. திங்கட்கிழமை பின்னிரவில் நாதோரி நகரின் முகாம் ஒன்றின் பட்டியலில் நான்கும் பொருந்தும் ஒரு பெயரைக் கண்டேன். கடைசி எழுத்து மட்டும் சற்று மங்கலாக இருந்தது. அவர்தான் என்று என் மனம் முடிவு செய்துவிட்டது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவளும் அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதேதாங்க" என்றாள்.

அந்த நாட்களில் என் நினைவு திரும்பத் திரும்ப 2004 டிசம்பர் 26க்குப் போய் வந்தது. சுனாமி என்ற சொல்லையே நம்மில் பெரும்பாலோர் அன்றுதான் கற்றோம். அதுவரை நூல்களில் படித்த கடல்கோள்தான் நமக்குத் தெரியும். சுமத்ராவுக்கு அப்பால் காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கிய பிறகு, அலை தமிழகக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரமும் கரையில் இருந்த ஒருவருக்கும் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டுமே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இந்தியாவுக்கென்று ஓர் எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் அமைந்தது 2007இல். எச்சரிக்கை மட்டும் இருந்திருந்தால் என்று நாம் எல்லோரும் அப்போது சொல்லிச் சொல்லி மாய்ந்தோம். ஜப்பானில் மூன்று நிமிடங்களில் எச்சரிக்கை வந்தது, கடற்சுவர்கள் இருந்தன, பள்ளிப் பிள்ளைகள்கூட ஒத்திகை பார்த்திருந்தார்கள். எண்ணற்ற உயிர்கள் அதனால் தப்பின என்பதும் உண்மை. அப்படியிருந்தும் இறந்தவர்கள் ஏறத்தாழ 15,900 பேர், இன்றுவரை கிடைக்காதவர்கள் 2,500க்கு மேல். அந்த எண்ணை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் புத்தி நின்றுவிடுகிறது.

புதன்கிழமை மாலை அவருடைய மின்னஞ்சல் வந்தது. நான்கே வரிகள். தாமும் மனைவி மக்களும் நலம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், யுரியாகே வீடு இல்லை, கவலைப்பட்டிருந்தால் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்ட அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் அலுவலகம் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

விவரங்களைச் சில மாதங்கள் கழித்தே எழுதினார். அன்று அவர் தாயார் மருத்துவப் பரிசோதனைக்காகச் செண்டாய் நகருக்குள் வந்திருந்தார். தந்தை மட்டும் வீட்டில் இருந்தார். நடுக்கம் நின்றதும், விழுந்து கிடந்த அலமாரியை நிமிர்த்தி, உடைந்த பாத்திரங்களைக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரரின் டிரான்சிஸ்டரில் 6 மீட்டர் என்று கேட்டதாம். யுரியாகேவுக்குப் பெரிய அலை வராது என்பது அவர் தலைமுறையின் நம்பிக்கை. பிறகு ஏதோ தோன்றிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், ஊர் நடுவிலிருந்த ஐந்து சாலைச் சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஒருவழியாக மேற்கே போய், வயல்களின் நடுவே உயர்ந்த கரைமேல் போகும் விரைவுச்சாலையின் அடியில் காரைப் போட்டுவிட்டு, புல்சரிவில் கையூன்றி மேலே ஏறினார். அந்தக் கரைதான் அன்று அந்தச் சமவெளியில் நீரைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தியது. அதில் ஏறிப் பிழைத்தவர்கள் பலர்.

"அலையைப் பார்த்தீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். கடற்கரைப் பைன் மரங்களுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் புழுதி எழுந்ததைத்தான் முதலில் பார்த்ததாகச் சொன்னார். எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்" என்று நண்பர் எழுதியிருந்தார். மேலிருந்து நாங்கள் கறுப்பு நீராகப் பார்த்தது, கீழே நின்றவருக்கு மரங்களுக்கு மேலே தெரிந்த வெறும் புழுதி.

யுரியாகேவில் ஹியோரியாமா என்று ஆறு மீட்டர் உயரமுள்ள ஒரு சிறு குன்று உண்டு. முன்பு மீனவர்கள் கடலையும் வானிலையையும் பார்ப்பதற்காக எழுப்பியது. அதன் அருகே 1933ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு நட்ட ஒரு கல் இருந்தது. நிலநடுக்கம் வந்தால் சுனாமி குறித்து எச்சரிக்கையாக இருங்கள் என்று அதில் பொறித்திருந்தார்கள். தந்தை சிறுவயதில் அந்தக் கல்லைச் சுற்றி ஓடி விளையாடியவர். இம்முறை 8.4 மீட்டர் உயரத்துக்கு வந்த நீர் குன்றையே மூடிக் கடந்தது, கல்லும் சாய்ந்துவிட்டது. அந்த ஊரில் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் தந்தையோடு பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதை அவர் எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாராம்.

நான் முகாம் பட்டியலில் அவர் பெயரைக் கண்டுபிடித்த கதையைப் பதில் கடிதத்தில் எழுதி, அந்தப் படத்தையும் இணைத்திருந்தேன். அவர் உடனே பதில் எழுதினார். தாம் எந்த முகாமிலும் தங்கவில்லை என்றும், அந்த வாரம் முழுவதும் மனைவியின் தங்கை வீட்டில் இருந்ததாகவும், பட்டியலில் உள்ள கடைசி எழுத்து தம்முடையதன்று, அதைப் போலவே தோன்றும் வேறோர் எழுத்து என்றும் விளக்கியிருந்தார். திங்கட்கிழமை பின்னிரவில் நானும் மனைவியும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த அந்தப் பெயர் யாருடையது என்பது அவருக்கும் தெரியவில்லை. "அவரையும் யாராவது தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்களும் இந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும்" என்று முடித்திருந்தார். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.