பாதுகாப்புச் செலவு 3 சதவீதம் ஆக வேண்டுமா? சேலத்தில் இருந்து ஒரு வாக்குவாதம்

நாகலூர் விமானப்படை (ஓய்வு):
நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு சொல்லிப் பல வருடம் ஆகிறது. 2025-26ல் ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. சீனா வெளியில் சொல்லும் தொகையே நம்முடையதைப் போல மூன்று மடங்கு. விமானப்படைக்கு அனுமதித்த ஸ்குவாட்ரன் (போர் விமான அணி) 42. 2025 செப்டம்பர் 26ல் சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்த பிறகு மிஞ்சியது 29. அந்த விமானத்தின் அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். 1963ல் வந்ததை அறுபது வருடம் தாண்டியும் ஓட்டினோம், ஏனென்றால் மாற்று வரவில்லை. சீன எல்லையில், கல்வானில் 20 பேரைப் பறிகொடுத்த பிறகும் ஏன் தயங்குகிறோம்?

அஸ்தம்பட்டி பொருளியல்:
ஐயா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் 3 சதவீதம் என்றால் வருடத்துக்குக் கூடுதலாக ஏறத்தாழ 4 லட்சம் கோடி. அதே பட்ஜெட்டில் மத்திய கல்வி அமைச்சகத்துக்குக் கிடைத்தது சுமார் 1.28 லட்சம் கோடி, சுகாதாரத்துக்கு ஒரு லட்சம் கோடிக்கும் சற்றுக் குறைவு. இரண்டையும் சேர்த்தாலும் நீங்கள் கேட்கும் கூடுதல் தொகைக்கு எட்டாது.

சரி, பணம் இருந்தால் விமானம் வந்துவிடுமா? உள்நாட்டிலேயே செய்யும் 83 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்களுக்கு 2021 பிப்ரவரியிலேயே சுமார் 48,000 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கான அமெரிக்க எஃப்404 இன்ஜின் ஒன்று முதன்முதலாக வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். சொந்தமாக இன்ஜின் செய்யக் காவேரி திட்டத்துக்கு 1989ல் அனுமதி கொடுத்தோம். தேஜஸுக்கு அது இன்றுவரை பொருந்தவில்லை. 2024-25ல் மூலதனச் செலவுக்கு, அதாவது ஆயுதம், விமானம் போன்றவை வாங்க என்று 1.72 லட்சம் கோடி ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் அது 1.6 லட்சம் கோடிக்கும் கீழே வந்தது. ஒதுக்கியதையே முழுதாகச் செலவு செய்ய முடியாத இடத்தில் இன்னும் கொட்டச் சொல்கிறீர்கள்.

பள்ளப்பட்டி லேத்:
ரெண்டு பேரும் பெரிய தொகையாகப் பேசுகிறீர்கள், கீழே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். 2019 ஜனவரியில் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று, ராணுவப் பொருள் செய்யும் தொழில்களை வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், கோவை, திருச்சி, சேலம் என்று ஐந்து ஊர். நம்ம ஊர் பெயர் வந்ததே என்று கடன் வாங்கி, கணினியில் இயங்கும் சிஎன்சி மெஷின் போட்டவர்களில் நானும் ஒருவன். விமான வேலைக்கு ஏஎஸ்9100 தரச் சான்று வேண்டும், அதற்குத் தனிச் செலவு. மாதிரி பீஸ் கேட்டார்கள், செய்து கொடுத்தோம், சோதனையிலும் தேறியது. அப்புறம் வந்த ஆர்டர் கை விரலில் எண்ணும் அளவுக்கு. அதற்கும் பணம் 45 நாளில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, வருவது எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மெஷின் சும்மா நிற்க முடியாதே, பம்புசெட் வேலைக்குத் திரும்பிவிட்டேன். உள்நாட்டுக் கொள்முதலுக்கு 1.11 லட்சம் கோடி என்று பேப்பரில் படித்தேன். அது எந்தப் பொருளுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று யாராவது சொன்னால் நாளைக்கே ஆள் எடுப்பேன்.

நாகலூர் விமானப்படை (ஓய்வு):
பொருளியல் சார், பணம் திரும்பிப் போவதையே எனக்கு எதிராகக் காட்டுகிறீர்கள். அது ஏன் திரும்பிப் போகிறது? மார்ச் 31 வந்தால் ஒதுக்கீடு காலாவதி. ஒரு ஆயுதத்துக்குச் சோதனை, பேரம், ஒப்பந்தம் என்று எல்லாம் முடிய வருடக்கணக்காகும். அதனால்தான் 15வது நிதிக்குழு, காலாவதி ஆகாத தனி நிதியாக ஐந்து வருடத்துக்கு 2.38 லட்சம் கோடி வைக்கச் சொன்னது. நிதியும் நிலையாக இருந்து தொகையும் கூடினால் லேத் தம்பி கேட்கும் நீண்ட ஆர்டர் தானாக வரும். குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்துக்கு யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அஸ்தம்பட்டி பொருளியல்:
தனி நிதி சரி, அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று எழுதி வைக்காத நாடு நம்முடையது. தேசியப் பாதுகாப்பு உத்தி என்று அரசு வெளியிட்ட ஆவணம் ஒன்றுகூடக் கிடையாது. சீனாவே 1998 முதல் பாதுகாப்பு வெள்ளை அறிக்கை வெளியிட்டு வருகிறது.

இதன் விளைவை நம் ஊரிலேயே பாருங்கள். 2019ல் பாதுகாப்பு வழித்தடத்தில் சேலத்தைச் சேர்த்தார்கள். அதே 2019ல் கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையை விற்க விண்ணப்பம் கேட்டார்கள். தொழிலாளர்கள் போராடினார்கள். 2023 ஜனவரியில் அந்த விற்பனையைக் கைவிட்டார்கள். ஒரு கை கட்டச் சொல்கிறது, இன்னொரு கை விலை பேசுகிறது. இரண்டில் எது சரி என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு தாள் இல்லை.

நாகலூர் விமானப்படை (ஓய்வு):
உருக்காலையை இதில் இழுப்பது நியாயம் இல்லை. அங்கே உருட்டுவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு, நாணய வில்லை. ஐஎன்எஸ் விக்ராந்த் போர்க்கப்பலுக்கு, இந்த ஆலையையும் நடத்தும் அரசு நிறுவனமான செயில் கொடுத்த 30,000 டன் எஃகு பொக்காரோ, பிலாய், ரூர்கேலாவில் இருந்து போனது. அப்புறம், உத்தியை ஊருக்கு எல்லாம் படித்துக் காட்டினால் எதிரியும் படிப்பான்.

அஸ்தம்பட்டி பொருளியல்:
அணு ஆயுதக் கொள்கையையே 2003 ஜனவரியில் வெளியிட்டோமே ஐயா. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று உலகத்துக்கே சொன்னோம். அதனால் நாம் பலவீனம் ஆகவில்லை. ரகசியமான பகுதி ரகசியமாகவே இருக்கட்டும். எந்த எல்லைக்கு முன்னுரிமை, கடலுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு எவ்வளவு என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். கார்கிலுக்குப் பிறகு கே. சுப்பிரமணியம் குழு ஆராய்ந்தது, 2001ல் அமைச்சர் குழு முப்படைத் தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. பதவி வந்தது 2019 டிசம்பரில். அதற்குக் கோடிகள் தேவைப்படவில்லை, முடிவெடுக்கத்தான் 18 வருடம் ஆனது.

வாழப்பாடி ஓட்டக்காரன்:
அண்ணன்மார்களே, நான் அக்னிவீர் (நாலு வருடப் படைப்பணி) தேர்வுக்கு ஓடிக்கொண்டிருப்பவன். நாலு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று மொத்தமாக 11.71 லட்சம். ஓய்வூதியச் சுமையைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம் என்றால், அந்த மிச்சம் ஆயுதத்துக்குப் போகிறதா?

அஸ்தம்பட்டி பொருளியல்:
உடனே போகாது தம்பி. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கே 2025-26ல் 1.61 லட்சம் கோடி. மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடிதான். உன் வயதுக்காரர்கள் விட்டுக்கொடுப்பதன் பலன் கணக்கில் தெரியப் பல வருடம் ஆகும். அதுவரை அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்கிறீர்கள், அதைச் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

நாகலூர் விமானப்படை (ஓய்வு):
என் ஓய்வூதியமும் அந்த 1.61க்குள் இருக்கிறது. அதைப் பாரம் என்று சொல்லாதீர்கள், சம்பாதித்தது அது. தம்பி, நீ ஓடு, நிறுத்தாதே.

சார், ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஆவணத்தை எழுதட்டும். அதே வருடத்தில் தொகையையும் கூட்டட்டும். ஒன்று முடிந்துதான் மற்றது என்றால் இன்னொரு 18 வருடம் போய்விடும். ஒத்துக்கொள்கிறீர்களா?

அஸ்தம்பட்டி பொருளியல்:
மூலதனச் செலவை மட்டும் கூட்டுங்கள், அதையும் காலாவதி ஆகாத நிதியில் போடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மொத்தமாக 3 சதவீதம் என்ற இலக்குக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பள்ளப்பட்டி லேத்:
அந்த நிதியில் இருந்து வரும் ஆர்டரில் வருடத்துக்கு எத்தனை பீஸ் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.