ஜமக்காளமும் பனியன் வேஸ்டும் ஒரே பலகையில்: முதலில் பொருளா, அமைப்பா?

நூல்கண்டு (திருப்பூர்):
பல பொருளை ஒட்டிக் கலப்பு ஊடகப் படம் ஒண்ணு பண்றேனுங்க. பலகை 24-க்கு 18 அங்குலம், அகலவாக்கில். பொருள்: பவானி ஜமக்காளத் துண்டு, பனியன் கட்டிங் வேஸ்ட், பொள்ளாச்சித் தேங்காய் நார், பழைய செய்தித்தாள், மோட்டார் காயில் கட்டற செம்புக் கம்பி. நடுவுல ஈரோட்டு மஞ்சள்பொடியைப் பசையில குழைச்சு ஒரு வட்டம். என் வாதம் இதுதானுங்க: கலப்பு ஊடகத்துல பொருளை முதல்ல பலகைமேல பரப்பிப் பார்க்கணும். சமநிலை, முரண், லயம், ஒருமைங்கற அமைப்பு விதியெல்லாம் பின்னால திருத்தறதுக்கு. கட்டம் போட்டுட்டு அதுக்குள்ள பொருளை அடைச்சா, பெயின்ட் அடிக்க வேண்டிய இடத்துல துணி ஒட்டின மாதிரிதான் வரும்.

கோணல்கோடு (கோவை):
ஏனுங்க, பரப்பிப் பார்த்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அழகு இருக்கே! சிக்கலே அதுதான். ஐந்து பொருளும் ஐந்து பக்கம் கத்தும், எதைப் பார்க்கறதுன்னு கண்ணுக்குத் தெரியாது.

4-க்கு 3 அங்குலத்துல ஆறு சின்னப் படம் போடுங்க. பலகையோட விகிதமும் அதுதான். கறுப்பு, நடுச்சாம்பல், வெள்ளை, மூணே நிறம். பொருள் பேரே அதுல வரக்கூடாது. நூத்துல ஏறக்குறைய 70 பங்கு பெரும்பரப்பு ஒரே சாயல், 25 பங்கு இரண்டாவது, 5 பங்குதான் கண்ணை இழுக்கற உரத்த இடம். அந்த 5 பங்கை நட்டநடுவுல வைக்காதீங்க. இடமிருந்து 16 அங்குலம், மேலிருந்து 6 அங்குலம் அளந்து அங்க வைங்க. கீழே இடதுபக்கம் நார் கனமா உட்கார்ந்திருந்தாலும் இந்தச் சின்ன வட்டம் அதைத் தாங்கும். வெள்ளிக்கோல்ல சின்னக் குண்டு தள்ளிப் போகப் போகப் பெரிய மூட்டையைத் தூக்கற கணக்குதான்.

இன்னொண்ணு. அடுக்கினதை போன்ல கறுப்பு வெள்ளையாப் படம் எடுத்துப் பாருங்க. ஜமக்காளத்துச் சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் பெரும்பாலும் ஒரே சாம்பலா மாறிடும். நிறத்துல முரண் இருக்கு, வெளிச்சம்-இருட்டுல இல்லை. பத்தடி தள்ளி நின்னா அந்த இடம் தட்டையாத்தான் தெரியும்.

நூல்கண்டு:
அந்த 70-25-5 சமையல் குறிப்பு மாதிரி இருக்குங்க அண்ணா. நாரோட சொரசொரப்பைப் பென்சில் சாம்பல்ல எப்படிக் காட்டுவீங்க? ஒரே சாம்பல்ல வழவழப்பான பனியன் துணியும் நாரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா கண்ணு நார்கிட்டத்தான் போகும். உங்க சின்னப் படத்துல அந்த எடை பதியவே பதியாது.

கோணல்கோடு:
அதை ஒத்துக்கறேன். அப்ப ஒரு சின்ன அட்டையில நாரைக் கொஞ்சம் ஒட்டி, பக்கவாட்டு வெளிச்சத்துல படம் எடுத்துட்டு சாம்பலைத் தீர்மானம் பண்ணுங்க. ஒவ்வொரு இழைக்கும் நிழல் விழுகறதால நார் நினைச்சதைவிடக் கறுப்பாத் தெரியும்.

சாயக்காரர் (ஈரோடு):
இரண்டு பேரும் இன்னைக்குத் தெரியற படத்தையே பேசறீங்க. அடுத்த வருசம் அந்தப் பலகை எப்படி இருக்கும்?

மஞ்சள் கறை பட்ட வேட்டிக்குச் சோப்புப் போட்டா சிவக்கும், வெயில்ல காயப்போட்டா கறையே போயிரும். வீட்டுல எல்லாரும் பார்த்தது. சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டா நிறம் மாறும், வெளிச்சம் பட்டா வெளுக்கும். சுவத்துல மாட்டின பலகைக்கும் அதே கதைதான். அக்ரிலிக் பெயின்ட்டோட கலக்கற மீடியமும் கொஞ்சம் காரம், அதுல குழைச்சா செம்மை தட்டலாம். சுண்ணாம்பு அடிச்ச பரப்புல வச்சா ஆரத்தித் தட்டேதான். உங்க 5 பங்கு உரத்த இடம் வெளுத்துப் போச்சுன்னா வெள்ளிக்கோல்ல குண்டே கழண்டு விழுந்த மாதிரி. கீழே இருக்கற நார் மட்டும் தனியா இழுக்கும்.

ஜமக்காளம்: வெள்ளைத் துணியை நனைச்சு அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. நிறம் ஒட்டினா, பசையில இருக்கற தண்ணியே அந்தச் சிவப்பைப் பக்கத்துச் செய்தித்தாளுக்குக் கொண்டுபோயிரும். கல்லுப்புல ஊற வச்சா சாயம் நிக்கும்ங்கறாங்க. சாயம் ஏத்தறப்ப உப்பு உதவும், ஏறாம மேல நிக்கற சாயத்தை அது பிடிச்சு வைக்காது. தண்ணி தெளியற வரைக்கும் அலசி, நல்லாக் காயவச்சு ஒட்டுங்க.

நூல்கண்டு:
மேல புற ஊதாக் கதிரைத் தடுக்கற யூவி வார்னிஷ் அடிச்சா மஞ்சள் நிக்காதுங்களா?

சாயக்காரர்:
கொஞ்ச நாள் தள்ளிப் போடும், அவ்வளவுதான். மஞ்சளை விட்டுட்டு மஞ்சட்காவி போடுங்க. ட்யூப் லேபிள்ல நிறமி எண் பி.ஒய். (பிக்மென்ட் யெல்லோ) 42 இல்லைன்னா 43-ன்னு இருக்கும். இரும்பு ஆக்சைடு, வெளுக்காது.

கோணல்கோடு:
காவி மங்கல்தான். ஆனா சுத்தி ஒரு அங்குலம் கருநீலம் இல்லைன்னா கறுப்பு பனியன் துணி வச்சுப் பாருங்க, அதே காவி எரியும். முரண் எதுக்குன்னு இப்பத் தெரியுதுங்களா?

பஞ்சுப்பொதி (கரூர்):
கறுப்பு பனியன் துணின்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. சிங்கிள் ஜெர்சியை, அதாவது ஒற்றைப் பின்னல் பனியன் துணியை வெட்டினா பக்கவாட்டு ஓரம் பின்னாடி சுருளும், மேல்-கீழ் ஓரம் முன்னாடி சுருளும். வட்டத்துக்கு வெட்டினா நாலு பக்கமும் ஒரு மாதிரி நிக்காது. ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில தேய்ச்சு, பாலிதீன் தாள்மேல விரிச்சுக் காயவச்சு, அப்புறம் வெட்டுங்க. இல்லைன்னா இன்டர்லாக்ங்கற இரட்டைப் பின்னல் துண்டாத் தேடி எடுங்க, அது சுருளாது.

பலகையைப் பத்தி யாரும் பேசலை. 6 மில்லி பிளைவுட்ல ஒரு பக்கம் மட்டும் ஈரப்பசையோட துணியும் தாளும் ஒட்டினா, காயக்காயச் சுருங்கி இழுத்து முன்பக்கம் குழிஞ்சிரும். 12 மில்லி எடுங்க, பின்பக்கமும் அதே பசையில ஒரு தாள் ஒட்டுங்க. ஜமக்காளம் தடிமன். முதல்ல நீர்த்த பசையைக் குடிக்கவிட்டுக் காயவச்சு, பிறகு கெட்டிப் பசை போட்டு, மேல பாலிதீன், அதுக்கு மேல ஒரு நாள் பூரா எடை. ஃபேன் போடாதீங்க. மேலே தோல் கட்டிக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிக்கும்.

நூல்கண்டு:
இதெல்லாம் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்குது. பொருளைத் தெரிஞ்சுக்காம போட்ட கட்டம் நிக்காதுன்னுதானே எல்லாரும் சொல்றீங்க?

கோணல்கோடு:
பொருளைத் தெரிஞ்சுக்கறது வேற, பொருள் சொன்ன இடத்துல எல்லாம் ஒட்டறது வேற. உங்க திட்டத்துல செம்புக் கம்பி ஒரே இடத்துல இருக்கு. மூணு இடத்துல, மூணு வெவ்வேற நீளத்துல வரணும். இல்லைன்னா அது வந்தவழி தெரியாம நிக்கும்.

நூல்கண்டு:
அப்படி விதி போடாதீங்க. ஓவியர் பிக்காசோ 1912-ல பண்ணின பிரம்பு நாற்காலிப் படத்தைப் பாருங்க. 29-க்கு 37 சென்டிமீட்டர்தான். பிரம்புப் பின்னல் அச்சடிச்ச எண்ணெய்த்துணி ஒரு இடத்துல, கயிறு நீள்வட்டமா ஓரத்துல ஒரே சுத்து. எதுவும் மூணு தடவை வரலை. கயிறு எல்லாத்தையும் கட்டி வச்சிருக்கு, அதனால ஒண்ணாத் தெரியுது.

கோணல்கோடு:
கயிறு மட்டும் இல்லைங்க. மேல தீட்டின பகுதியும் சாம்பல்-பழுப்பு, துணியும் அதே குடும்பம். பொருள் திரும்ப வரலை, நிறம் திரும்ப வந்துச்சு. உங்க பலகையில செம்பு நிறம் வேற எங்க இருக்கு? நாரோட பழுப்பு கொஞ்சம் ஒத்துப்போகும். ஜமக்காளத்துல ஆரஞ்சுப் பட்டை இருந்தா அதைக் கம்பிக்கு எதிர்மூலையில வைங்க, கம்பியை ஒரே இடத்துல விட்டாலும் சண்டை இல்லை.

பஞ்சுப்பொதி:
அந்தக் கம்பியை ஒட்டாதீங்க. மேல எனாமல் பூச்சு இருக்கறதால வெள்ளைப்பசை பிடிக்காது, தட்டினா உதிரும். ஒன்றரை மில்லி டிரில்லால ரெண்டு அங்குலத்துக்கு ஒரு ஜோடி ஓட்டை போட்டு, மெல்லிசுக் கம்பியால தைச்சு, பின்னாடி முறுக்கி மடக்கிடுங்க. ஓட்டையை எல்லாம் பின்பக்கத் தாள் ஒட்டறதுக்கு முன்னாடியே போட்டிருங்க.