பொட்டலில் ஜேசிபி வேண்டாம்

மீனா: (4 படங்கள்) அண்ணே, இப்போதுதான் நம்ம பொட்டலில் எடுத்தேன். செம்புறாங்கல் வட்டமாகக் கிடக்கிறது பாருங்கள். நடுவில் பலகைக்கல் தலை நீட்டுகிறது. நாளைக்கு மனை போட அங்கே ஜேசிபி இறங்கவே கூடாது.

சாத்தப்பன்: வண்டிக்கு முன்பணம் கொடுத்தாச்சு மீனா. யாராவது காட்டுக் கல்லைப் பொறுக்கிக் குவித்திருப்பார்கள்.

மீனா: குவித்த கல் கண்டபடி கிடக்கும். இது 3 வட்டம், ஒவ்வொன்றும் ஒழுங்காகச் சுற்றி வருகிறது. கல்வட்டம் அண்ணே. ஈமக்காடு. இரும்புக் காலத்தில் இறந்தவர்களின் எலும்பைப் பதுக்கை என்கிற பலகைக்கல் பெட்டியிலோ, தாழி என்கிற பெரிய மண்பானையிலோ வைத்து, மேலே சரளை மூடி, சுற்றிலும் கல் பதித்த இடம். சித்தன்னவாசலிலும் இதே மாதிரி இருக்கிறது. நாம்தான் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

பெரியப்பச்சி: புறநானூற்றில் பரல் மேட்டில் பதுக்கை சேர்த்து நடுகல் நட்டதாக வரும். பரல் என்றால் சரளைதான். நம்ம நிலத்திலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

சீதை ஆச்சி: அப்பத்தாவிடம் படத்தைக் காட்டினேன். "மதமதக்கத் தாழி இருக்கிற இடம், அங்கே ஆட்டை ஓட்டாதே என்று எங்க ஐயா சொல்வார்" என்றார்கள். முதுமக்கள் தாழியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். போனை இன்னும் திருப்பித் தரவில்லை.

சாத்தப்பன்: சரி. வெளியே சொன்னால் நிலம் கையை விட்டுப் போகாதா? நம்ம பங்கே அது ஒன்றுதான்.

மீனா: அந்தப் பயம் நியாயம்தான். 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த இடத்துக்கு. இது அறிவித்த இடமில்லை. அதனால்தான் எனக்குப் பதறுகிறது, இன்றைக்கு இதற்கு நம்மை விட்டால் காவல் இல்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் தாழிக்குள் கிடந்த நெல் உமியை வைத்துத்தான் கி.மு. 1155 என்று காலம் சொன்னார்கள். வெறும் உமி! ஜேசிபி வாளி ஒரு தடவை இறங்கினால் உமி எங்கே, ஓடு எங்கே? அப்புறம் எந்த ஆய்வாளர் வந்தும் பயனில்லை.

பெரியப்பச்சி: சர்வே எண்ணை அனுப்பு. வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுக்கிறேன். ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் படத்தோடு மனு போடலாம்.

சாத்தப்பன்: ஓட்டுநரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் போனால் போகட்டும். மனை வரைபடத்தில் அந்த மூலையை விட்டுவிடலாம். டிராக்டர் ஏறாமல் கம்பி வேலி போடவா?

மீனா: ரொம்ப நன்றி அண்ணே. கம்பி வேண்டாம், கல் ஊன்றக் குழி தோண்ட வேண்டிவரும். முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டால் போதும். அடையாளத்துக்கென்று கல்லில் சுண்ணாம்பும் அடிக்காதீர்கள்.