ஐம்பது கையெழுத்து

மேற்குப் புறநகர்க்காரன்:

2001இல் முதுகலை படிக்க மாணவர் விசாவில் சிகாகோ வந்தேன். அப்புறம் எச்-1பி எனும் தற்காலிக விசாவில் வேலை. நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் சொந்தமாக ஒரு மென்பொருள் நிறுவனம். 2017இல் குடியுரிமை. இங்கே பலருக்கும் இதே கதைதான், நீட்டவில்லை. நான் சொல்ல வந்தது 2022 நவராத்திரி சமயத்தில் நடந்தது.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியத்துக்கான தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்தேன். ஏழு பேர் வாரியம், நான்கு ஆண்டுப் பதவி, ஒரு டாலர்கூடச் சம்பளம் கிடையாது. வேட்புமனுவில் அந்த வாரியத்தின் எல்லையான பள்ளி மாவட்டத்து வாக்காளர்கள் ஐம்பது பேர் கையெழுத்திட வேண்டும். ஐம்பதுதானே! முதலீட்டாளர்களிடம் பேசிப் பழகிய வாய் வேறு. ஒரே சனிக்கிழமையில் ஐந்து வீட்டுக் கொலுவுக்குத் தாளும் அட்டையுமாகப் போனேன். சுண்டலோடு 62 கையெழுத்தும் கிடைத்தது.

இரவு வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பார்த்த என் மனைவி, "பத்தொன்பதுதான் தேறும்" என்றாள். மற்றவர்களில் பாதிக்கு மேல் எச்-1பி, ஓட்டுரிமை கிடையாது. சிலர் குடியுரிமை வாங்கியும் வாக்காளராகப் பதியவில்லை. நான்கு பேருக்கு வீடு சாலைக்கு அந்தப் பக்கம், அது வேறு பள்ளி மாவட்டம். கையெழுத்துக் கேட்டவன் "ஓட்டு இருக்கிறதா" என்று கேட்கவில்லை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இறங்கியவன் நான். இருந்தது உண்மைதான், பட்டியலில்தான் இல்லை.

சரி, தெருவில் இறங்கு. முதல் வீட்டில் கதவைப் பாதி திறந்து, "சோலார் பேனல் வேண்டாம்" என்றார்கள். மூன்றாவது தெருவில் ஓர் அம்மா, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணினிப் பாடம், செயற்கை நுண்ணறிவு என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அந்த முனையில் விடிவதற்கு முன்னால் இருட்டில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாயா?" பார்த்ததில்லை. என் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விடுகிறவன் நான். திட்டவில்லை, கையெழுத்துப் போட்டார். "ஜெயித்தால் வந்து பதில் சொல்" என்று மட்டும் சொன்னார்.

2023 ஏப்ரலில் தோற்றேன்.

கொலுவில் இருந்தவன்:

அண்ணே, அந்தச் செல்லாத கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. நீங்கள் நீட்டினீர்கள், நான் போட்டேன். பன்னிரண்டு வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது. ஓட்டு மட்டும் கிடையாது. சரி, நூறு டாலராவது கொடுக்கலாம் என்று பார்த்தால், கிரீன் கார்டு இல்லாதவர் எந்தத் தேர்தலுக்கும் நிதி தரக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ஊதியமில்லாமல் உழைக்கலாம் என்பதால் மூன்று வார இறுதி உங்கள் துண்டறிக்கைகளை மடித்தேன். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததை அப்போதே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை.

நியூஜெர்சி அக்கா:

நான் 2019இல் நின்றபோது எங்கள் மாநிலத்தில் பத்துக் கையெழுத்தே போதும். எனக்குக் குடைச்சல் கொடுத்தது என் பெயர்தான். வாக்குச்சீட்டில் சுருக்கிப் போடு, வாயில் நுழையாது என்று நல்லெண்ணத்தோடே நாலு பேர் சொன்னார்கள். சிகாகோ இருக்கும் உங்கள் இல்லினாய் மாநிலத்திலேயே ராஜா கிருஷ்ணமூர்த்தி இல்லையா? டெல்லியில் பிறந்து மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா வந்தவர். பிரின்ஸ்டனில் இயந்திரப் பொறியியல், ஹார்வர்டில் சட்டம், அப்புறம் சிவானந்தன் லேபரட்டரீஸ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைவர். 2010இல் மாநிலப் பதவிக்கும் 2012இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் கட்சி உள்தேர்தலிலேயே தோற்று, 2016இல்தான் காங்கிரசுக்குப் போனார். அந்த நீளப் பெயரோடுதான் போனார். நானும் சுருக்கவில்லை. வாசலில் நின்று என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் எல்லாம் அவர்கள் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மேற்குப் புறநகர்க்காரன்:

தம்பி, எழுத்துப்பிழையை ஒப்புக்கொள்கிறேன். 2025இல் திருத்திவிட்டுத்தான் நின்றேன், ஜெயித்தேன்.

ஜெயித்த பிறகு பட்டதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தில் ஒரு யோசனை வந்தால் இரவு பத்து மணிக்கே இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுவேன். முதல் மாதம் அதே பழக்கத்தில் சக உறுப்பினர்கள் இருவரைக் காபிக்கு அழைத்தேன். ஒருவர் பதறிப்போனார். இல்லினாயின் திறந்த கூட்டச் சட்டப்படி ஏழு பேர் வாரியத்தில் மூவர் சேர்ந்து வாரிய விஷயம் பேசினாலே அது கூட்டமாம். முன்கூட்டி அறிவித்து, மக்களுக்குக் கதவைத் திறந்து வைத்து நடத்த வேண்டும். மின்னஞ்சலில் மாறி மாறி விவாதித்தாலும் சிக்கல். எரிச்சலாக இருந்தது, இப்போதும் சில நாள் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் நாலு பேர் முன்னால் யோசிக்கும்போது என் அரைகுறைத் திட்டங்கள் அங்கேயே அம்பலமாகிவிடுகின்றன. நிறுவனத்தில் அவை ஆறு மாதமாவது ஓடியிருக்கும்.

பேருந்து அம்மா எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். போன மாதம் என்னைப் பார்த்து, "அந்த முனைக்குப் போனாயா?" என்றார். போயிருந்தேன், மூன்று நாள். விளக்கு போடக் கேட்டிருக்கிறோம், அந்தக் கம்பம் நகராட்சியுடையது, பள்ளியுடையது இல்லை என்றேன். "அப்போ நகராட்சிக் கூட்டம் எந்தக் கிழமை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.