பூனைங்க உச்சா போற மணல் டப்பா (லிட்டர் பாக்ஸ்) மூணு இருந்தும் அம்மு மெத்தையில தான் போறா

பெங்களூர் அல்சூர்ல ஒரு பெட்ரூம் வீடு. ரெண்டு பூனைங்க: அம்முவுக்கு 6 வயசு, தீபாவளிக்கு அப்புறம் வந்த கருப்பனுக்கு 1 வயசு, ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆச்சு. அவன் வந்ததுல இருந்து அம்மு உச்சா போறது மெத்தையில தான். அவ பாக்ஸ்ல உக்காந்தாலே இவன் வெளிய பதுங்கி வாலை ஆட்டிட்டே இருந்து, இறங்கும்போது பாய்வான், ரவுடிப்பய. யூரின் டெஸ்ட்ல இன்ஃபெக்‌ஷன், கிரிஸ்டல் எதுவும் இல்ல. பாக்ஸை மூணாக்கி ஹால், பெட்ரூம், பால்கனின்னு தள்ளித்தள்ளி வச்சு, மூடிய கழட்டி, வாசனை இல்லாத பெண்டோனைட் களிமண் மணல் போட்டு, மெத்தைய என்சைம் கிளீனர்ல தொடச்சும் பாத்தாச்சு. ராத்திரி அவனை கிச்சன்ல விட்டு கதவை சாத்தினா அம்மு ஒழுங்கா பாக்ஸ்ல போறா, காலைல பழைய குருடி கதவைத் திறடி. யாருக்காவது குடுத்துடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, அதுக்கு ஹவுஸ் ஓனர் இருக்காரு. இவ்ளோ சின்ன வீட்ல ரெண்டையும் பிரிச்சு வச்சு முதல்ல இருந்து பழக்கினவங்க எப்படி பண்ணீங்க?